சும்மா பார்க்க வந்தவர்கள்

அவர் யாருக்கு எழுந்து நிற்கிறார் என்று பார்த்தால் போதும். அன்றைக்கு அந்தக் கண்காட்சித் திடலில் யார் டிராக்டர் வாங்கப் போகிறார் என்பது தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு அவர் எழுந்திருக்கவே மாட்டார். நாற்காலியில் சாய்ந்தபடி, "பாருங்க, நல்லாப் பாருங்க" என்பார். பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். வந்தவர்களுக்கும் அது புரியும். கொஞ்ச நேரம் டயரைத் தடவிவிட்டு எதிர் ஸ்டாலுக்குப் போய்விடுவார்கள். அந்த எதிர் ஸ்டால் என்னுடையது.

அருப்புக்கோட்டையில் ஒரு டிராக்டர் ஷோரூமில் நான் விற்பனை வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் போட்டிக் கம்பெனியின் ஷோரூமில் பதினெட்டு வருடம் பழுத்திருந்தார். வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஊருக்கு வெளியே பந்தல் போட்டு விவசாயக் கருவிகள் கண்காட்சி நடக்கும். எல்லாக் கம்பெனியும் வண்டிகளைக் கழுவி, மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தும். எங்கள் இரண்டு ஸ்டாலும் எப்போதும் எதிரெதிராகவே அமையும். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பது படித்து முடிக்கையில் உங்களுக்கே தெரியும்.

உயரம் கம்மி. கம்பெனிச் சட்டையைத் தினமும் அவரே இஸ்திரி போட்டு, பித்தான் ஒன்று விடாமல் மாட்டியிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. பேச்சு மெதுவாகத்தான் வரும். கண் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. அவருடைய ஸ்டாலில் குடிக்க மூன்று வகை உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவருக்குப் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர். ஒருவேளை வாங்கலாம் என்று தோன்றுகிறவருக்கு டீ. வாங்கப் போகிறவருக்கு ஐஸ் பெட்டியிலிருந்து பன்னீர் சோடா. அதை அவர் கையாலேயே உடைத்துக் கொடுப்பார். மூன்றாவது நாள் சாயங்காலம் காலிப் பாட்டில்களை எண்ணினால் புக்கிங் எத்தனை என்று சொல்லிவிடலாம். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிய வித்தை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தால்தான் வித்தை புரியும். எங்கள் கரிசல் காட்டில் உழுது பிழைக்கிற எந்தச் சம்சாரியும் டிராக்டர் வாங்க வந்திருக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார். அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கி மடியில் வைக்கும் வரை எல்லாருமே சும்மா பார்க்க வந்தவர்கள்தான். முன்கூட்டியே சொன்னால் கண் பட்டுவிடும். லோன் கிடைக்காமல் போனால் ஊர் சிரிக்கும். அதனால் வாங்க வந்தவரும் "சும்மா பாக்க வந்தோம்" என்பார், வேடிக்கை பார்க்க வந்தவரும் அதையே சொல்வார். சொல்லப்போனால், வாங்கவே போகாதவன்தான் தைரியமாக விலை கேட்பான், குறைத்துக் கொடுப்பீர்களா என்று அடித்துப் பேசுவான், ஏறி உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்துக்கொள்வான். வாங்க வந்தவர் வண்டிக்கு ஐந்தடி தள்ளி, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

இந்தக் கூட்டத்தில் பிரித்தெடுப்பதுதான் அவருடைய வேலை. ஒரு தடவை திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். செருப்பு வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. அழுக்குத் துண்டு. நான் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிரே இவர் எழுந்து போய்ச் சோடா உடைத்தார். அரை மணி நேரத்தில் புக்கிங் முடிந்தது. பிறகு டீக்கடையில் வைத்து இவரிடம் கேட்டேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. வேடிக்கை பார்க்க வந்தவன் பந்தல் நிழலில் நிற்பான், இவர் வெயிலில் நின்று வண்டியின் பின்பக்கத்தையே பார்த்தார், கலப்பை மாட்டுகிற இடத்தைப் பார்க்கிறவர் காசோடுதான் வந்திருப்பார் என்றார். அப்புறம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"வண்டியப் பாக்குறவன விட்டுரு தம்பி. வண்டி போய் நிக்கப் போற எடத்தப் பத்தி ரோசிக்கிறவனப் பிடி."

அந்தச் சாமர்த்தியத்தை நான் வியந்தது போலவே வெறுக்கவும் செய்தேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மேல் அவருக்கு இரக்கமே கிடையாது. கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத ஒருவன், பெண்டாட்டியையும் மச்சினன்மார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தான். புதுவேட்டி, கையில் மோதிரம். அவர்களுக்கு எதிரே கொஞ்சம் மிடுக்குக் காட்ட டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். மச்சினன் படம் எடுக்கப் போன நேரம் பார்த்து இவர் நாற்காலியில் இருந்தபடியே, "எறங்குங்க மாப்ள. வாங்குறவுக வந்து ஏறணும்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் இறங்கிய வேகத்தில் வேட்டி கியர் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அந்தப் பெண் கீழே குனிந்துகொண்டது. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஏறி உட்கார்ந்தால் சீட்டு தேய்ந்தா போகும்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கும் அவரிடமிருந்து இரண்டு விஷயம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது எனக்கு.

ஸ்டாலை விட்டு வந்தாலும் அந்தக் கண் அடங்காது. துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போனால், வந்தவர்களில் யார் அழ வந்தவர், யார் தலையைக் காட்ட வந்தவர் என்று என் காதில் சொல்வார். பஸ்ஸில் ஏறினால் யார் எந்த ஊரில் இறங்குவார் என்பார். என் கல்யாணத்துக்கும் வந்திருந்தார். பாலவனத்தத்தில் பெண் வீட்டில் வைத்து நடந்தது. பந்தியில் என் மாமனார் பரிமாறிக்கொண்டு போனதை ஒரு தடவைதான் பார்த்தார். கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார், ஒன் மாமனாரு ஒனக்குப் பொண்ணு குடுக்கல தம்பி, ஒன் வேலைக்குக் குடுத்திருக்காரு, வேலைய மட்டும் விட்டுறாத. கல்யாண வீட்டில் சொல்கிற பேச்சா அது? ஆனால் உண்மை. கம்பெனி வேலை, மாதச் சம்பளம் என்று சொல்லித்தான் என் பக்கத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த வேலைதான் ஆட்டம் கண்டது. சேர்ந்து ஏழு மாதத்தில் நான் விற்றது ஒரே ஒரு வண்டி. அதுவும் என் சித்தப்பாவுக்கு. எனக்குத் தெரிந்த ஒரே உபாயம் அவரைக் காப்பியடிப்பது. எதிர் ஸ்டாலில் அவர் யாருக்குத் தண்ணீர் கொடுத்தாரோ, அவர்கள் என்னிடம் வந்தால் நானும் எழுந்திருக்க மாட்டேன். யாருக்குச் சோடா உடைத்தாரோ, அவர்கள் வெளியே வரும்போது வழியில் போய் நிற்பேன். சோடா குடித்தவர்கள் அநேகமாக அங்கேயே புக்கிங் போட்டுவிடுவார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய ஆவணி மாதக் கண்காட்சிக்கு முதல் நாள், எங்கள் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மூன்று நாளில் ஒரு புக்கிங். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கம்பெனிப் பையையும் சிம் கார்டையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

இரண்டு நாள் போனது. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது நாள் மதியம் வெயில் பந்தல் துணியைத் தாண்டி இறங்கியது. மேனேஜர் ஸ்டாலின் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து மனைவி போன் செய்து, சாயங்காலம் அப்பா வருகிறார், கறி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.

எதிர் ஸ்டாலில் அன்றைக்கு அவருடைய முதலாளியே வந்து உட்கார்ந்திருந்தார். போன கண்காட்சியில் வேலைக்காரர்களின் உறவுக்காரர்கள் வந்து நாற்காலியை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று முதலாளி எல்லாரையும் வைது தீர்த்திருந்தார். சொந்தக்காரனுக்குச் சோடா உடைக்கவா ஸ்டால் போட்டிருக்கேன் என்று கத்தியது எனக்கே கேட்டது. இப்போது இவர் ஒரு தகப்பனையும் மூன்று மகன்களையும் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். சோடா உடைத்தாகிவிட்டது. அவர்கள் தமக்குள் சத்தமில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். புக்கிங் பழுத்துவிட்டது, விழ வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில் ஒரு அம்மாவும் அவர் மகனும் எதிர் ஸ்டாலுக்குள் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒயர் கூடை, வெயிலில் கறுத்த முகம். மகனுக்கு இருபத்தைந்து வயது. தோளில் மண் அள்ளும் எந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு இருக்கும் ஒரு சாய்வு. அந்த அம்மா, "அண்ணே" என்று கூப்பிட்டார். இவர் திரும்பினார். முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே முதலாளி பக்கம் போய்த் திரும்பியது.

"வா தாயி. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மா பாக்கத்தாண்ணே வந்தோம்."

முதலாளி, யாரு அவுக என்று கேட்டார். இவர் சொன்ன பதில் பந்தலின் இரைச்சலிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஊர்க்காரவுக மொதலாளி. சும்மா வேடிக்கை பாக்க வந்திருக்காக."

இரண்டு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு அந்தத் தகப்பன் மகன்களிடம் போய்விட்டார். அந்த அம்மா டம்ளரைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். குடித்தார். டம்ளரைக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு பாதையைக் கடந்து என் ஸ்டாலுக்கு வந்தார்.

தண்ணீர் வாங்கியவர்கள் என்பதால் வழக்கம்போல நான் எழுந்திருக்கவில்லை. பாருங்கக்கா என்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் போனார். குனிந்து கலப்பை தூக்கும் கைகளை அசைத்துப் பார்த்தார். அப்புறம் ஒயர் கூடைக்குள் கையை விட்டு ஒரு சணல் கயிற்றை எடுத்தார். ஒரு நுனியை மகன் பிடித்துக்கொள்ள, பின் டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்பு வரை இழுத்துப் பிடித்தார். கயிற்றில் ஒரு முடிச்சு இருந்தது. டயர் முடிச்சைத் தொடவில்லை, நாலு விரல் இடம் மிச்சம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் எழுந்தேன். என்னை அறியாமல்தான் எழுந்தேன். வீட்டுச் சந்தின் அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த கயிறு அது. இதற்கு மேல் ஒரு ஆள் எப்படி வாங்க வர முடியும்? எதிரே பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். பதினெட்டு வருடமாக இப்படி ஒரு கயிற்றுக்குக் காத்திருக்கிற மனிதர், கயிறு வந்தபோது பார்க்கவில்லை.

நாற்காலி இழுத்துப் போட்டேன். அந்த அக்கா உட்காரவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். பரளச்சிக்குப் பக்கம் என்றார். மானாவாரி நிலம், கொத்துமல்லியும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். போன வருடம் முதல் மழை பெய்ததும் ஊரில் எல்லாரும் ஒரே நாளில் உழுதார்கள். இவர்கள் வாடகை டிராக்டருக்குக் காத்திருந்து காத்திருந்து, வண்டி வரும்போது ஈரம் காய்ந்துவிட்டது. விதைத்தது முளைக்கவில்லை. கணவர் கால் ஒடிந்து வீட்டில் கிடக்கிறார். மகன் வெளியூரில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு வந்துவிட்டான். இந்த மழைக்கு யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது. இதையெல்லாம் என்னிடம் சொன்னாரே தவிர, கண் எதிர் ஸ்டாலிலேயே இருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தா நிக்கிறாகள்ல, அது என் கூடப் பொறந்த அண்ணன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் தொடர்ந்து சொன்னார். மகன் வாங்குகிற முதல் வண்டி. தாய்மாமன் கையால் சாவி வாங்க வேண்டும் என்று ஆசை. அண்ணன் கடையில்தான் எடுப்பது என்று வீட்டில் பேசி, அவருக்குக்கூட முன்னால் சொல்லாமல் வந்திருக்கிறார்கள். கண் பட்டுவிடும் என்றுதான் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தெரியாதா என்று நினைத்தார்களாம்.

"தம்பி, எனக்காக ஒரு வார்த்தை அண்ணன்ட்டப் போய்ச் சொல்றீகளா? நாங்க சும்மா வரல, வாங்கத்தான் வந்திருக்கோம்னு. அந்த மொதலாளி இருக்கையில நான் மறுபடி அங்க போக மாட்டேன்."

சொல்கிறேன் அக்கா என்றேன். பாதையைக் கடந்தேன். பத்து அடி இருக்கும். அந்தப் பத்து அடியில் என் மேனேஜரின் பார்வை முதுகில் குத்தியது. மாமனார் கறி சாப்பிட வருவது நினைவுக்கு வந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பேச்சை நிறுத்தி, என்ன தம்பி என்றார். அவருக்கு வேண்டிய புக்கிங் கையில் இருந்தது. எனக்குத்தான் இல்லை. வாயைத் திறந்தேன்.

"பேனா இருக்காண்ணே?"

பையிலிருந்த இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். அந்தத் தகப்பன் ஏதோ கேட்கவும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் என் ஸ்டாலுக்கு வந்தேன்.

அக்கா கேட்டார், "சொன்னீகளா தம்பி?"

"சொன்னேன்க்கா. பார்ட்டியோட இருக்காரு, அப்புறம் பாக்கலாம்னுட்டாரு."

பொய் சொல்ல நான் திட்டம் போட்டுப் போகவில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது அது எனக்கு அவ்வளவு லேசாக வந்திருந்தது. அந்த அக்கா சணல் கயிற்றைச் சுருட்டிக் கூடைக்குள் வைத்தார். மகன், "வாம்மா, வீட்டுக்குப் போவோம், நாளைக்கு மாமா வீட்டுக்கே போய்ப் பேசிக்கிறலாம்" என்றான். நியாயமான பேச்சு. அக்கா எதிர் ஸ்டாலை இன்னொரு தடவை பார்த்தார். அங்கே இவர் இன்னொரு சோடாவை உடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுதுங்க தம்பி" என்றார்.

எழுதினேன். புக்கிங் ஆனால் மாலை போட்டு, மைக்கில் ஊரையும் பெயரையும் சொல்லி வாழ்த்துவது கண்காட்சி வழக்கம். அக்கா வேண்டாம் என்று சொல்வதற்குள் மேனேஜர் துண்டுச் சீட்டை அனுப்பிவிட்டார். ஊர்ப் பெயர், கணவர் பெயர், அக்காவின் பெயர் எல்லாம் ஒலிபெருக்கியில் வந்தது. எதிரே அவர் நிமிர்ந்தார். இத்தனை நேரம் முதுகு காட்டி நின்றவர் திரும்பி, என் ஸ்டாலில் மாலை போட்டு நின்ற தங்கையைப் பார்த்தார். பக்கத்தில் தகப்பனும் மகன்களும் பணம் கட்ட எழுந்துகொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் விஷயத்தில் அன்றைக்கும் அவர் கணக்குத் தப்பவில்லை. ஊரெல்லாம் சொல்கிற சும்மாவை ஒரு நாளும் நம்பாத மனிதர், கூடப் பிறந்தவள் சொன்ன சும்மாவை மட்டும் நம்பிவிட்டார்.

அன்று கறி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாமனார் நன்றாகச் சாப்பிட்டார்.

வண்டி டெலிவரிக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் அக்காவின் மகன் இரண்டு தடவை மாமாவைப் போய்ப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான். போட்டிக் கம்பெனியான எங்கள் ஷோரூமுக்குள் வந்து அவர் சாவி கொடுத்தால் அதை யாராவது படம் பிடித்து வாட்ஸப்பில் போடுவார்கள், அதோடு அவர் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். டெலிவரி அன்று அக்கா எங்கள் ஷோரூம் வாசலிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராகுகாலம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது உள்ளே வந்து, வண்டியைக் கிளப்பச் சொன்னார். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. புது வண்டியோடு விற்பனை ஆள் ஊர்வரை போய் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் கம்பெனி முறை. மகன் ஓட்ட, ஒரு பக்க மட்கார்டில் அக்கா, மறுபக்கத்தில் நான்.

பரளச்சி போகிற வழியில்தான் அவருடைய ஷோரூம். கண்ணாடிச் சுவர், உள்ளே அவர் யாரிடமோ பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ரோட்டிலிருந்தே தெரிந்தது. கண்ணாடி அறைக்குள் முதலாளியும் இருந்தார்.

"நிப்பாட்டுய்யா" என்றார் அக்கா.

"அம்மா, வேண்டாம். மாமா வேலை போயிரும்."

"நிப்பாட்டு. ஆரன அடி."

வண்டி நடு வாசலில் நின்றது. மாலையும் குங்குமமுமாகப் போட்டிக் கம்பெனியின் டிராக்டர், அவர்கள் கண்ணாடிக்கு எதிரே. நான் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆரன் சத்தம் கேட்டு உள்ளே எல்லாத் தலையும் திரும்பியது. முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, நான்கு படி இறங்கி வந்தார்.

அக்கா இறங்கவில்லை. இஞ்சினை அணைக்கச் சொல்லிச் சாவியை உருவி அவரிடம் நீட்டினார்.

"எம் மகன் கையில குடுண்ணே. இந்த எடத்துல வச்சுக் குடு. இல்லேன்னா இனிமே எங்க வீட்டுப் படி ஏறாத."

படியில் நின்ற முதலாளி, என்னய்யா கூத்து இது என்று கேட்டார். அவர் அதற்குத் திரும்பவில்லை. சாவியை வாங்கினார். பிறகுதான் திரும்பினார்.

"எந் தங்கச்சி மொதலாளி. கூடப் பொறந்தவ."

சாவியைக் கண்ணில் ஒற்றி மருமகன் கையில் கொடுத்தார். அவன் வண்டியிலிருந்து குதித்து அவர் காலைத் தொட்டான். யாரோ ஒரு மெக்கானிக் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அந்த மாதம் முடிவதற்குள் அவர் வேலையில் இல்லை. இப்போது மதுரைப் பக்கம் எங்கோ மாட்டுத் தீவனக் கடையில் இருப்பதாகக் கேள்வி.

ஆனால் நான் சொல்ல வந்தது சாவி கைமாறியதற்கு அடுத்து நடந்தது. அதுவரை கல்லாக இருந்த அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே. கண்ணு பட்டுருமேன்னுதான் நான் வாயால சொல்லல. அப்புறந்தான் இந்தத் தம்பிய ஒங்கிட்ட அனுப்பிச் சொல்லச் சொன்னேனே, வாங்கத்தான் வந்திருக்கோம்னு. அவுக வந்து சொன்ன பெறகும் நீ திரும்பிப் பாக்கலயே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனா கேட்டு நான் வந்து நின்றது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. இரண்டு நிமிடம் தேவைப்படவில்லை அவருக்கு. நான் மட்கார்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதோ சொல்லப் போகிறார், சொல்லட்டும், சொன்னால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் என் மேலிருந்து கண்ணை எடுத்துத் தங்கையைப் பார்த்தார்.

"ஆமா தாயி, சொன்னாப்ல. பார்ட்டியோட இருந்துட்டேன். தப்பு எம்மேலதான்."

சொல்லிவிட்டுப் படியேறி உள்ளே போனார். வண்டி கிளம்பியது. பரளச்சி போய்ச் சேரும் வரை அந்த அக்கா அழுதுகொண்டும் அண்ணனை வைதுகொண்டும் வந்தார், நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.